சுவரில் ஒட்டிய பெயர்

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதிகமாகச் சத்தம் போடுகிறவர் நூலகர்தான். அதனால் பிள்ளைகள் அவருக்கு ‘உஷ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நூலகத்துக்குள் யாராவது பேசினால் அவர் கண்டுகொள்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை வரும் நூலக வேளையைக் கணக்கு ஆசிரியர் பிடுங்கிக்கொண்டால் மட்டும் இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்று கத்துவார்.

“சார், போன வருஷமும் என் பீரியடை வாங்கித்தானே நடத்தினீங்க? இருபத்தெட்டு பேர் ஃபெயில். என்கிட்டயே விட்டிருந்தா நாலு புத்தகமாவது படிச்சிட்டு ஃபெயிலாகியிருப்பாங்க!”

மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். கணக்கு ஆசிரியர் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார். அடுத்த வாரம் மறுபடியும் பிடுங்குவார்.

நூலகம் வேதியியல் ஆய்வகத்துக்கும் உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறைக்கும் நடுவில் இருந்தது. மூன்று ஜன்னல், ஆறு மேசை, நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாப் புத்தகமும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அவருக்கு முன்பிருந்த நூலகர் பதினோரு வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்பதற்காகப் பாராட்டுப் பத்திரம் வாங்கியவர். யாரும் தொடாத பொருள் எப்படித் தொலையும் என்று பத்திரம் கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. சமையலே செய்யாத வீட்டில் பாத்திரம் பளபளக்கிறது என்று பரிசு கொடுத்ததுபோல.

இந்த நூலகரின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்யாணமான புதிதில் மனைவி அவரிடம் கேட்ட முதல் பரிசு அலமாரிக் கதவுகளைக் கழற்றித் தர வேண்டும் என்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு வந்து பதினான்கு கதவுகளையும் கழற்றினார். “சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். கதவைக் கழட்டச் சொல்றாங்க” என்று இப்போதும் விருந்தாளிகளிடம் சொல்வார்.

நூலகரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புத்தகம் திரும்பி வந்ததும் இரவல் பதிவேட்டில் அதை எடுத்தவரின் பெயரைத் தடித்த கறுப்பு மையால் அடித்துவிடுவார். புத்தகத்தின் எண்ணும் தேதியும் இருக்கும், பெயர் இருக்காது. தணிக்கைக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

“என்னம்மா இது, பதிவேடு முழுக்கத் தார் பூசி வெச்சிருக்கீங்க?”

“புத்தகம் வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“அப்புறம் யார் படிச்சா உங்களுக்கென்ன?”

இதற்குக் காரணம் அவருடைய அண்ணன். நூலகருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அண்ணன் பொது நூலகத்துக்குப் போய், “என் தங்கச்சி என்னென்ன எடுத்திருக்கா, பார்க்கணும்” என்று கேட்டான். அங்கே இருந்தவர் மறுபேச்சில்லாமல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அன்று வீட்டில் மாமா, அத்தை எல்லோரும் உட்கார்ந்திருக்க, அண்ணன் ஒன்பது புத்தகங்களின் பெயரையும் குற்றப் பத்திரிகைபோல வாசித்தான். அவற்றில் இரண்டு காதல் கதைகள். ஒன்று, கடவுள் உண்டா என்று கேட்ட புத்தகம். அதைப் படித்தபோது அண்ணனின் குரல் அதிகமாக நடுங்கியது. அதோடு நூலக அட்டை கிழிந்தது. அண்ணனை அவர் பிற்பாடு மன்னித்துவிட்டார். முட்டாளை எத்தனை வருடம் கோபிப்பது? பதிவேட்டைத் திருப்பிக் காட்டிய அந்த நூலகரை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் அந்தத் தவறைச் செய்தார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் மேசையருகே வந்து நின்றாள். ஒல்லியானவள், எப்போதும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருப்பவள்.

“மேடம், ரத்தப் புற்றுநோய் பத்திப் புத்தகம் இருக்கா?”

“இருக்கே. யாருக்கும்மா?”

“பக்கத்து வீட்டு அக்காவுக்கு.”

“அந்த அக்காவுக்கு என்ன வயசு?”

“பதினாலு” என்றாள் அவள். பிறகு தரையைப் பார்த்தாள். “மாசா மாசம் ஒன்பது நாள் ரத்தம் போகுதாம்.”

வாசகர் கேட்கிற புத்தகம் ஒன்று, அவருக்கு வேண்டிய புத்தகம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கேள்வி கேட்டுக் குத்தாமல் கடப்பதுதான் நூலகரின் வேலை. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ரத்தத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று, பறவைகளைப் பற்றி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ‘வளரும் பெண்ணின் உடல்’ என்று மூன்று புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தார். ஒரு மருத்துவர் சிறுமிகளுக்காக எளிமையாக எழுதியது அது. அறிவியல் ஆசிரியை இனப்பெருக்கம் பற்றிய பதினோராம் பாடத்தை நடத்துவதில்லை. “வீட்டுல படிச்சுக்கோங்க” என்று வருடா வருடம் தாண்டிப் போய்விடுவார். தவளைக்கு வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று படம் போட்டுப் பாகம் குறிக்கிற அதே பிள்ளைகளுக்குத் தங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. மாதத்தில் ஒன்பது நாள் உதிரம் போன ஒரு பெண் தான் சாகப்போவதாக நம்பிக்கொண்டு, சீருடையில் கறை தெரியாமல் மழைக்கோட்டால் மூடிக்கொண்டு, வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இதற்குப் பெயர் அடக்கம் என்கிறார்கள்.

புத்தகங்கள் ஒரு வாரத்தில் திரும்பின. நூலகர் பெயரை அடித்தார். அடுத்த வாரமே மழைக்கோட்டுக்காரி வேறு நான்கு புத்தகங்கள் எடுத்தாள்.

பிறகுதான் மரம் வந்தது. நூலகச் செயல்பாடுகளை மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று போன வருடம் வந்த தலைமை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். நூலகச் சுவரில் பெரிய மரம் வரைய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் படித்த புத்தகத்தின் பெயரையும் அதைப் பற்றி ஒரு வரியையும் தன் பெயரையும் பச்சைக் காகித இலையில் எழுதித் தர வேண்டும். அவற்றை மரத்தில் ஒட்ட வேண்டும்.

நூலகருக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. முதல்முறையாக ஒரு தலைமை ஆசிரியர் நூலகத்துக்கென்று ஒன்று கேட்கிறார். இரண்டு வாரத்தில் அறுநூறு இலைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அவரே படித்தார், அவரே பசை தடவினார். பெரும்பாலானவற்றில் “இந்நூல் மிகவும் பயனுள்ளது” என்று இருந்தது. மழைக்கோட்டுக்காரியின் இலையில் இப்படி இருந்தது: “வளரும் பெண்ணின் உடல். எனக்கு வியாதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.”

அந்தச் சுவரிலேயே உண்மையான வரி அதுதான். நூலகர் அதைக் கண் மட்டத்தில், நடுக்கிளையில் ஒட்டினார். பத்தொன்பது வருடம் பெயர்களை அடித்த கை, ஒரு பெயரைச் சுவரில் ஒட்டி, ஓரம் தூக்காமல் இருக்க விரலால் தேய்த்தும் விட்டது.

பெற்றோர் கூட்டத்தன்று அவளுடைய சித்தப்பா அதைப் பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர், பெற்றோர் சங்கச் செயலாளர். அவளுடைய அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுபவர் என்பதால், மாதத்தில் இருபது நாள் அந்த வீட்டுக்கு இவர்தான் அதிகாரி என்று இவரே நினைத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் இலையைப் படமெடுத்தார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் நூலகரைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் இரவல் பதிவேடு விரிந்து கிடந்தது.

“என்ன மேடம், இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படி வந்துச்சு?” என்றார் தலைமை ஆசிரியர்.

“நீங்க வாங்கினது சார். போன ஜூலை, நூத்தி நாப்பது புத்தகத்துக்கான பட்டியல். ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு.”

“நான் எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தா கையெழுத்துப் போடுறேன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். “இந்தக் கிண்டலெல்லாம் அப்புறம் வெச்சுக்கோங்க. எங்க வீட்டுப் பொண்ணு மானம் சுவத்துல தொங்குது.”

“அதுல மானம் போறதுக்கு என்ன இருக்கு? வியாதி இல்லைன்னு எழுதியிருக்கா. வியாதி இருக்குன்னு எழுதியிருந்தா உங்களுக்குப் பெருமையா?”

“ஏன் அவளுக்கு மட்டும் இதைப் படிக்கணும்னு தோணுச்சுன்னு நாலு பேர் கேக்கறான். நான் என்ன பதில் சொல்ல?”

தலைமை ஆசிரியர் பதிவேட்டில் விரல் வைத்தார். “இந்தப் புத்தகம் இருபத்து மூணு தடவை போயிருக்கு. எல்லாமே கறுப்பு. யார் யார் எடுத்தாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?” பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை நல்ல மை.

சித்தப்பாவின் குரல் இறங்கியது. “மேடம், நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. மத்த இருபத்து ரெண்டு பேர் பேரையும் குடுங்க. இத்தனை பேர் படிச்சிருக்காங்க, பள்ளிக்கூடமே குடுத்திருக்குன்னு காட்டிட்டா எங்க பொண்ணு தனியா நிக்க வேண்டாம். திங்கட்கிழமையே அனுப்பி வெக்கிறேன். இல்லேன்னா டி.சி. குடுத்துருங்க. படிச்சது போதும்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டியல் வேணும் மேடம்” என்றார் தலைமை ஆசிரியர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவதோ இருபத்திரண்டு பெண்களை வீட்டில் மாட்டிவிடுவதோ இனி அவர் பொறுப்பல்ல, நூலகர் பொறுப்பு. உலகத்தில் அயோக்கியத்தனம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, தேநீர் வரவழைக்கிறார்கள்.

நூலகருக்கு இருபத்திரண்டு பேரும் ஞாபகம் இருந்தார்கள். வரிசையாகச் சொல்ல முடியும். சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“இருபத்து ரெண்டும் வேண்டாம். விவரமான வீடா பார்த்து ரெண்டு பேரைச் சொல்லிடேன். அந்தப் பொண்ணாவது தப்பிக்கும்ல?” என்றார் அவர்.

“சரி. எந்த ரெண்டு? நீங்களே சொல்லுங்க.”

கணவர் வெங்காயத் தோலை அள்ளினார். “லிஃப்ட்ல எடை கூடிப்போனா கடைசியா ஏறினவரை இறங்கச் சொல்வோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“இங்க யாரும் இறங்கக் கூடாது. அதுதான் கஷ்டம்” என்றார் நூலகர். வெங்காயம் தேவைக்கு மேல் பொடியாகிவிட்டது.

சித்தப்பாவும் தலைமை ஆசிரியரும் பேசினார்கள், தானும் பேசியாயிற்று. அந்தப் பெண்ணைப் பெற்றவளை யாருமே கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை என்று மாணவர் அட்டையில் இருந்தது. வியாழக்கிழமை மதியம் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனார்.

சலவைப் பிரிவு மருத்துவமனையின் பின்பக்கம், தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. சக்கரத் தொட்டிகளில் படுக்கை விரிப்புகள் மலைபோல வந்து இறங்கின. நீராவியில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. அம்மா தேய்ப்பு உருளையின் ஒரு முனையில் நின்று, சுடச்சுட வரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்து, சரிவுப் பாதையின் ஓரத்தில் நூலகரோடு நின்றாள்.

“என்ன புத்தகம்னே எனக்குத் தெரியாது டீச்சர். ‘அசிங்கமான புத்தகம் அண்ணி, கேக்காதீங்க’ன்னுட்டார் கொழுந்தனார். அவ வாயே தெறக்கல.”

நூலகர் புத்தகத்தை நீட்டினார். அம்மா கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் விரல் நின்றது.

“அவளுக்கு எத்தனை நாள்?”

“ஒன்பது நாள். புற்றுநோய்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கா.”

அம்மா புத்தகத்தை மூடினாள். உள்ளே உருளை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “நான் தினம் நூறு பேரோட ரத்தக்கறையைப் பார்த்துத் துணி பிரிக்கிறேன். எந்த வார்டு, என்ன கேஸுன்னு கறையைப் பார்த்தே சொல்லிடுவேன். எம் பொண்ணுக்கு ஒன்பது நாள்னு எனக்குத் தெரியல.” மூக்கை உறிஞ்சினாள். உடனே கோபம் வந்துவிட்டது. “எங்கிட்ட சொல்ல முடியாததை ஒரு புத்தகத்துல படிச்சிருக்கா. அதுக்கு இவரு படிப்பை நிறுத்துவாரா? யாரு இவரு?”

“தப்பு என்னுதும்மா” என்றார் நூலகர்.

“ஆமா, உங்களுதுதான்.” அம்மா நேராகப் பார்த்தாள். “படிக்கக் குடுத்தீங்க, நல்லது பண்ணீங்க. ஊருக்கு ஏன் காட்டினீங்க? அவ சின்னப் புள்ள, சந்தோஷத்துல எழுதிட்டா. உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சிருக்கணும்மா” என்றார் ஊரையே கேள்வி கேட்கிற நூலகர். பிறகு வெள்ளிக்கிழமைக் கெடுவையும் அந்த இருபத்திரண்டு பெயர்களையும் பற்றிச் சொன்னார்.

“அந்தப் பேரெல்லாம் குடுக்காதீங்க” என்றாள் அம்மா. “அந்த வீடுகள்லயும் ஒரு சித்தப்பா இருப்பாரு.”

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சலவைப் பிரிவின் நீல மேலங்கியோடு அவள் தலைமை ஆசிரியர் அறைக்குள் வந்தாள். சித்தப்பா எழுந்தேவிட்டார்.

“அண்ணி, நீங்க எதுக்கு வந்தீங்க? நான் பேசிக்கிட்டிருக்கேன்ல.”

“நீங்க பேசினது போதும், உக்காருங்க.” அவள் தலைமை ஆசிரியரிடம் திரும்பினாள். “சார், அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வரச் சொன்னது நான். எனக்குத்தான். எம் பொண்ணு கொண்டுவந்து குடுத்தா, நான் படிச்சேன். எனக்கு வியாதி இல்லைன்னு நான்தான் சொன்னேன். அதை அவ இலையில எழுதிட்டா.”

“நீங்க படிச்சீங்களா?” என்றார் தலைமை ஆசிரியர்.

“ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? ரெண்டாவது அத்தியாயத்துல படம் இருக்கு. அதைப் பார்த்துச் சொல்லட்டுமா? கொழுந்தனாரும் கேட்டுக்கட்டும்.”

சித்தப்பாவின் காது சிவந்துவிட்டது. “அண்ணி, இதெல்லாமா ஆம்பளைங்க முன்னாடி...”

“எம் பொண்ணு பேரை ஆம்பளைங்க முன்னாடிதானே மூணு நாளா பேசிக்கிட்டிருந்தீங்க? எந்த நாலு பேர் கேட்டான்? கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் சொல்றேன். என் உடம்பைப் பத்திப் படிக்க உங்ககிட்ட லீவு லெட்டர் எழுதித் தரணுமா?”

அது பொய்தான். நூலகருக்குத் தெரியும், தலைமை ஆசிரியருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். பதினான்கு வயதுப் பெண் தன் உடலைத் தெரிந்துகொண்டாள் என்ற உண்மையைத் தாங்க முடியாத அந்த அறைக்கு, நாற்பது வயதுப் பெண்ணின் பொய்தான் தேவைப்பட்டது. அண்ணன் மனைவி பொய் சொல்கிறாள் என்று வெளியாள் முன்னால் சொல்ல சித்தப்பாவால் முடியவில்லை. அவர் கும்பிடுகிற அதே மானம் அவர் வாயை அடைத்தது.

தலைமை ஆசிரியர் கடைசியாக ஒரு சட்டம் தேடினார். “பெத்தவங்களுக்கெல்லாம் பள்ளிப் புத்தகம் குடுக்கிற வழக்கம் இல்லையே மேடம்?”

“நூலக விதி பன்னிரண்டு சார். மாணவர்களோட பெற்றோரும் உறுப்பினராகலாம். இத்தனை வருஷமா யாரும் வரல, அவ்வளவுதான்.” நூலகர் ஒரு புதிய அட்டையை மேசையில் வைத்தார். அம்மாவின் பெயரை முன்பே எழுதியிருந்தார். “இங்க ஒரு கையெழுத்து. இந்தத் தடவை படிச்சுப் பார்த்துட்டே போடுங்க.”

அவர் படித்தார். போட்டார்.

திங்கட்கிழமை மழைக்கோட்டுக்காரி பள்ளிக்கு வந்தாள். அதற்குள் நூலகர் மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். அறுநூறு இலைகளையும் தகரக் கரண்டியால் பெயர்த்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அடுத்த வாரம் பார்வையிட வந்த அதிகாரி காரை பெயர்ந்த சுவரைப் பார்த்துவிட்டு, “நூலகச் செயல்பாடுகள் போதுமானதாக இல்லை” என்று எழுதினார். வேலை நேரத்தில் பள்ளிப் புத்தகத்தை வெளியே கொண்டுபோனதற்கு நூலகருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் நான்கு பக்கம் எழுதினார். அதில் இரண்டு பக்கம் பதினோராம் பாடத்தைப் பற்றி. அதற்கு இன்றுவரை யாரும் பதில் போடவில்லை.

மழைக்கோட்டுக்காரி அதன்பின் புத்தகம் எடுப்பதில்லை. நூலக வேளையில் கடைசி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். நூலகரைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள், அவ்வளவுதான். நூலகர் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமையைத் தானே தொலைத்துவிட்டதாக அவர் நினைக்கிறார். சித்தப்பா மேல் வந்த கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. தன் மேல் வந்தது ஆறவில்லை.

அம்மா சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து நேராக வருகிறாள். மேலங்கியில் சலவைத்தூள் வாசனையோடு, ஒரு துண்டுத்தாளைப் பார்த்துப் பார்த்து அலமாரிகளில் தேடுவாள். கையெழுத்து அவளுடையதில்லை. போன வாரம் எடுத்தது கருந்துளைகளைப் பற்றிய தடித்த புத்தகம். அவள் போனதும், புத்தகங்களுக்குத் தேதி போடுகிற அட்டெண்டர் நூலகரிடம் வந்து குனிந்தார்.

“அக்கா, இந்தம்மாவுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய புத்தகம்? வீட்டுல யாருக்கோ கொண்டுபோறாங்கன்னு நினைக்கிறேன்.”

“உனக்கு எதுக்குப்பா அந்த ஆராய்ச்சி?” நூலகரின் சத்தத்தில் கடைசி மேசைவரை தலைகள் நிமிர்ந்தன. “தேதியைப் போட்டியா? போட்டாச்சுன்னா போய் வேலையைப் பாரு.”